ஹீமோகுளோபின் 9.8, காய்க்கு வாரம் 500 ரூபாய்: என்ன சமைப்பது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன், கணவரும் அதே லைனில் அயர்ன் செக்‌ஷன். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது, இருவரும் அரசுப் பள்ளி. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, மதியத்துக்கு மேல் மிஷினில் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. டெஸ்ட் எடுத்ததில் ஹீமோகுளோபின் 9.8. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, காய்கறி நிறையச் சாப்பிடுங்கள் என்றார். மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, அதனால் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழ சிரப், சத்து பவுடர் என்று தினம் ஒன்று சொல்கிறார். காய்க்கு வாரம் 500 ரூபாய்க்கு மேல் முடியாது. ஃபிரிட்ஜ் இல்லை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. காலையில் இட்லி தோசை, தேங்காய்ச் சட்னி, கூடவே டீ. மதியம் சாதம், ரசம், உருளைக்கிழங்கு வறுவல். இரவு மறுபடி தோசை, காலைச் சட்னி. சனிக்கிழமை சம்பளம் போட்டால் பரோட்டா. குறைந்த செலவில் என்ன சமைத்தால் உடம்புக்குத் தெம்பு வரும்? இரவில் கீரை சாப்பிடலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்:

வணக்கம்மா. கடிதத்தில் என்னை டாக்டர் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, உணவியல் நிபுணர். மருந்தை அவர் சொல்வார், தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் என் வேலை. அப்படியிருந்தும் மாத்திரையில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை நிறுத்திவிட்டு நான் சொல்லும் கீரையை மட்டும் நம்பி உட்கார்ந்தால் ஆறு மாதம் கழித்தும் நீங்கள் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. முருங்கைக்கீரை 100 கிராமில் நாலரை மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கிறது, அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு சின்னப் பங்கு. நன்றாக இருக்கிற உடம்பை நன்றாகவே வைத்திருக்கச் சாப்பாடு போதும். 9.8-இல் நிற்கிற உடம்பின் காலிக் கையிருப்பை நிரப்ப மாத்திரை வேண்டும். வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் வெறும் வயிற்றில் போடாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள், கூடவே எலுமிச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர். டீ, பால், கால்சிய மாத்திரை எதையும் அதோடு சேர்க்க வேண்டாம். மலம் கருப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்வார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம்தான். அங்கே போகும்போது மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பூச்சி மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். ஒரு பக்கம் ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் இன்னொரு பக்கம் நீங்கள் என்ன கடைந்து சாப்பிட்டும் ஏறாது. மூச்சு வாங்குவது அதிகமானாலோ, நெஞ்சு படபடப்பு, மயக்கம் வந்தாலோ அடுத்த லீவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, இனி பக்கத்து வீட்டு அக்கா. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நல்ல காய்தான், பொரியல் செய்து சாப்பிடுங்கள், ரத்தம் ஊறும் என்று நினைத்து தினம் மிக்சியில் அடித்து வடிகட்டி நாரைத் தூக்கிப் போட வேண்டாம். (பீட்ரூட் இலையோடு கிடைத்தால் இலையைக் கீரையாகச் சமையுங்கள், இரும்பு கிழங்கைவிட அதில்தான் அதிகம்.) பேரீச்சம்பழ சிரப்பில் பெரும்பகுதி சர்க்கரை. டப்பாவில் வரும் சத்து பவுடர்களிலும் பலவற்றில் மால்ட்டும் சர்க்கரையும்தான் முக்கால்வாசி. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, இணைய விற்பனைத் தளங்கள் இந்த பானங்களை அந்தத் தலைப்பில் வைத்து விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே அறிவுறுத்தியது. ஒரு டப்பா விலைக்கு உங்கள் வீட்டில் ஒரு வாரக் காயில் பாதி வாங்கிவிடலாம்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது வேறு. 'என்ன சமைத்தால்' என்று கேட்டிருக்கிறீர்கள், எவ்வளவு காய் என்று கேட்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வேளையிலும் காய் என்று இருப்பது உருளைக்கிழங்கு மட்டும்தான். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, சாதத்துக்கு ரசம், தோசைக்கு மறுபடி காலைச் சட்னி. உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இதுதான் நடப்பு. சாதம் ஒரு மலை, பொரியல் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய், கீரை எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள், இந்த விலையில் யாருங்க 400 கிராம் வாங்குவது என்று. உங்கள் 500 ரூபாயையே வைத்துப் பார்ப்போம். நாலு பேருக்கு, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைத்து, ஒரு நாளைக்கு ஒண்ணேகால் கிலோ, வாரத்துக்கு எட்டொன்பது கிலோ. 500-ஐ வகுத்தால் கிலோவுக்கு 55, 60 ரூபாய் வருகிறது. கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் என்று போனால் நிச்சயம் கட்டாது. அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), சுரைக்காய், முள்ளங்கி, கத்தரி, முட்டைக்கோஸ், கோவக்காய், பீர்க்கை, கொத்தவரை, மேராக்காய் (சௌசௌ), தண்டுக்கீரை என்று எந்தப் பருவத்தில் எது மலிந்து கிடக்கிறதோ அதில் போனால் வருடத்தில் முக்கால்வாசி நாள் கட்டும், சில வாரம் பத்து இருபது மிச்சமும் ஆகும். தக்காளி விலை ஏறினால் தக்காளியைக் குறைத்துப் புளியை வையுங்கள், அதற்காகக் காயைக் குறைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்கு ஒரு நடை போய்விடுங்கள். 1999-இல் மதுரையில் ஆரம்பித்த திட்டம், உங்கள் ஊரிலும் இருக்கிறது, அன்றன்றைய விலையை போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். கம்பெனி விட்டு வரும் வழியில் இரவு எட்டு மணிக்குத் தள்ளுவண்டியில் வாடின காயை வாங்குவதைவிட இது எவ்வளவோ தேவலை. ஃபிரிட்ஜ் இல்லை என்பதைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம், எதை முதலில் தீர்ப்பது என்று தெரிந்தால் போதும். கீரை, கொத்தமல்லி ஞாயிறும் திங்களும். வெண்டை, கத்தரி, பீர்க்கை, கோவக்காய் செவ்வாய், புதன். முட்டைக்கோஸ், முள்ளங்கி, பீட்ரூட், சுரைக்காய் வியாழன், வெள்ளி வரை தாங்கும். அரசாணிக்காய் முழுசாக இருந்தால் வாரக்கணக்கில் மூலையில் கிடக்கும், வெட்டிவிட்டால் இரண்டாம் நாளே கொழகொழத்துவிடும், அதனால் பெரியதாக ஒன்று வாங்குவதைவிட ஒரே வேளைக்கு ஆகும் அளவில் சின்னக் காயாகப் பார்த்து வாங்குங்கள். வார நடுவில் கீரை வேண்டும் என்றால் முருங்கை இருக்கிறது. உங்கள் தெருவில் எங்காவது ஒரு மரம் நிற்காமல் இருக்காது, கேட்டால் ஒடித்துக்கொண்டு போகச் சொல்வார்கள்.

முருங்கைக்கீரை என்றதும் 'ஆய யாருக்கு நேரம்' என்பீர்கள். ஆயவே வேண்டாம். இரவு கொத்தோடு ஒரு பழைய வேட்டித் துணியிலோ செய்தித்தாளிலோ இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்திருக்கும், பெரிய ஈர்க்குகளை மட்டும் பொறுக்கிப் போட்டால் போதும்.

அந்த இலையை வைத்து உங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்தையே செய்யலாம். காலையில் ஒரே குக்கர், அதிலேயே மதியத்துக்கும் டப்பா கட்டிவிடலாம். வழக்கமாக அரிசியில் கால் பங்கு துவரம்பருப்பு போடுவீர்கள், அதை அரைப் பங்காக்குங்கள்: இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பு அது, தவறாமல் வாங்கிவிடுங்கள், வீட்டில் இருக்கிற மலிவான புரதம் அதுதான். இரண்டையும் கழுவி, எழுந்ததும் ஊறப் போட்டுவிட்டு நீங்கள் குளித்துவிட்டு வரலாம். குக்கரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், வரமிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டு, வெங்காயம் சுருங்கியதும் இரண்டு தக்காளி, மஞ்சள்தூள், கொரகொரப்பாக இடித்த மிளகு. தக்காளி குழைந்ததும் ஆளுக்கு இரண்டு கைப்பிடி கணக்கில் முருங்கை இலையைக் கொட்டுங்கள். கொட்டும்போது குக்கர் நிறைந்து, என்ன இவ்வளவா என்று இருக்கும். இரண்டு புரட்டு புரட்டுவதற்குள் அடியில் போய்ப் படுத்துவிடும். அரிசி பருப்பைச் சேர்த்து, மொத்தத்துக்கு இரண்டரை மடங்கு தண்ணீர் (ரேஷன் புழுங்கலரிசி என்றால் அரை டம்ளர் கூட), உப்பு போட்டு மூன்று நாலு விசில். சாதத்துக்குள் வெந்துவிடுவதால் பிள்ளைகளுக்குக் கீரையின் கசப்பு அவ்வளவாகத் தெரியாது, நெய் வேண்டாம், நீங்கள் தாளித்த எண்ணெயே போதும். கீரையில் இருக்கும் வைட்டமின் ஏ-வுக்கான சத்து உடம்பில் சேர அந்தக் கொஞ்சம் எண்ணெய் கண்டிப்பாக வேண்டும், அதனால் எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மதிய டப்பாவில் அரை எலுமிச்சை மூடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே பிழிந்துவிடாதீர்கள், சாப்பிடும்போது பிழியுங்கள். காய், கீரை, பருப்பில் இருக்கும் இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது, அதே வேளையில் வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக ஏறும். அந்த வைட்டமின் சி சூடுபட்டால் குறைந்துபோகும், அதனால்தான் அடுப்பை அணைத்த பிறகு, முடிந்தால் தட்டில் வைத்து. எலுமிச்சை விலை ஏறிக் கிடக்கும் கோடையில் ஒரு துண்டு கொய்யா, அல்லது வேகாத கொத்தமல்லிச் சட்னி. நெல்லிக்காய் மலிந்த மாதங்களில் வண்டியில் உப்பு, மிளகாய்த்தூள் தடவி விற்பார்களே, சாப்பாட்டோடு அதில் ஒன்று. ஆப்பிள், ஆரஞ்சு தேடிப் போக வேண்டியதே இல்லை, கொய்யாவில் ஆரஞ்சைவிடச் சில மடங்கு அதிகம்.

இதற்கு நேர் எதிரியாக நிற்பது டீ. டீயில் இருக்கும் டேனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது. காலையில் இட்லியோடு டீ குடிக்கிறேன் என்கிறீர்கள், அதை மட்டும் மாற்றுங்கள். எழுந்ததும் டீ, அப்புறம் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. கம்பெனியில் பதினொரு மணி டீ, நாலு மணி டீ இரண்டும் சாப்பாட்டில் இருந்து தள்ளித்தான் இருக்கும், அதை நான் தொடவில்லை. டீயோடு கடிக்கிற வடை, பன்னுக்குப் பதிலாக ஒரு பிடி வறுத்த நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ பையில் இருந்தால் நாலு மணிக்கு மேல் கண் சொருகுவதும் குறையும். மதியம் வெறும் சாதமும் உருளைக்கிழங்குமாகப் போட்டால் யாருக்கும் தூக்கம் வரத்தான் செய்யும், எல்லாவற்றுக்கும் ரத்தத்தையே குறை சொல்ல முடியாது.

இரவுக்கு ஒரு கூட்டு. இதற்கு ஒரு செய்முறை தெரிந்தால் பத்துக் காய்க்கும் தெரிந்த மாதிரி. அரைக் கிலோ காய் (அரசாணி, சுரை, பீர்க்கை, மேராக்காய், முட்டைக்கோஸ், முள்ளங்கி எதுவானாலும்), இரண்டு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், மஞ்சள், சீரகம், காய் மூழ்கக்கூட வேண்டாத அளவு தண்ணீர், இரண்டு விசில். திறந்து உப்புப் போட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தேங்காய் இருந்தால் இரண்டு ஸ்பூன் அரைத்து விடுங்கள், இல்லாவிட்டால் வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவுங்கள், எனக்கு என்னவோ கொத்தவரைக்கும் கோவக்காய்க்கும் தேங்காயைவிடக் கடலைப்பொடிதான் பிடிக்கும். வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள், சத்தில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும், தண்ணீர் அதிகமாகிவிட்டால் மறுநாள் ரசத்துக்கு என்று எடுத்துவைக்காமல் அப்போதே பருப்பை மசித்து இறுக்கிவிடுங்கள். இந்தக் கூட்டை இரண்டு தோசைக்கு ஒரு கிண்ணம் என்ற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும், சட்னி மாதிரித் தொட்டுக்கொள்ள இல்லை. நாலு தோசை சாப்பிடுகிற இடத்தில் இரண்டு தோசையும் கிண்ணம் நிறையக் கூட்டும் என்றால் மாவுச் செலவும் குறைகிறது பாருங்கள்.

காயை இரவே நறுக்கி வைத்தால் சத்து போய்விடுமா என்று அடுத்து கேட்பீர்கள். கொஞ்சம் போகும், போகட்டும். காலையில் நேரமில்லாமல் காயே இல்லாமல் போவதைவிட, இரவு நறுக்கிய காய் எத்தனையோ மடங்கு மேல். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: நறுக்குவதற்கு முன் கழுவுங்கள், நறுக்கிய பின் கழுவாதீர்கள், துண்டைப் பெரிதாகப் போட்டு மூடி வையுங்கள், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கத்தரிக்காயையும் வாழைக்காயையும் மட்டும் சமைக்கும்போது நறுக்கினால் போதும்.

காசு மிச்சம் பிடிக்க இன்னொரு வழி, தூக்கிப் போடுவதைச் சமைப்பது. முள்ளங்கியை இலையோடு வாங்கி இலையைப் பொடியாக நறுக்கிப் பருப்போடு கடையுங்கள். பீர்க்கங்காய்த் தோலை எண்ணெயில் வதக்கி, ஒரு ஸ்பூன் உளுந்து, இரண்டு வரமிளகாய், சுண்டைக்காயளவு புளி வைத்து அரைத்தால் இரண்டு வேளைக்குத் துவையல். தண்டுக்கீரையில் இலை ஒரு நாள், தண்டு மறுநாள் சாம்பாரில். வாழைப்பூவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலை நாளில் ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற நரம்பை எடுக்க உட்கார்ந்தால் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். கொள்ளு உங்கள் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இரும்பும் புரதமும் தாராளமாக உள்ள பயறு, வாரம் ஒரு நாள் வேகவைத்துக் கடைந்து, வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்துவிடுங்கள். வீட்டில் இரும்புச் சட்டி கிடந்தால் துரு தேய்த்து எடுத்துப் பொரியலுக்கும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கும் வையுங்கள், புளிப்பான குழம்பில் சட்டியின் இரும்பு கொஞ்சம் இறங்கும். செய்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து ஒரு மாதிரி நாக்கில் பிடிக்கும். கறி சாப்பிடுகிற வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கும்போது ஈரலையும் சேர்த்து வாங்குங்கள், விலையும் குறைவு, அந்த இரும்பு சுலபமாக ஏறும்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மகள் ஏழாவது என்றதால் சொல்கிறேன். வயசுக்கு வரும் பருவம், அம்மாவுக்கு இருப்பது மகளுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள், வாங்கி ஜன்னல் வழியாகப் போடாமல் விழுங்குகிறாளா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு எடுத்த டெஸ்ட்டை அவளுக்கும் ஒரு முறை எடுத்துவிடுங்கள். சின்னவனுக்குக் காலையில் பள்ளியில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கிறது, மதியம் சத்துணவில் முட்டை. அதைச் சாப்பிடுகிறானா, காயைப் பொறுக்கி ஓரம் வைக்கிறானா என்பது மட்டும் விசாரித்தால் போதும். கீரை தொடமாட்டேன் என்றால் அடை மாவில் ஒரு கை முருங்கை இலையும் வெங்காயமும் போட்டு ஊற்றுங்கள். அதற்காக எப்போதும் ஒளித்துவைத்தே கொடுக்க வேண்டாம், தட்டில் கீரையாகவே ஒரு ஸ்பூன் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கட்டும், நாளாக ஆகப் பழகிவிடுவார்கள்.

சனிக்கிழமைப் பரோட்டாவை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. வாரம் முழுக்க மிஷினில் உட்கார்ந்தவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. சால்னாவோடு கொடுக்கும் வெங்காயத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். அப்பளம், ஊறுகாய் மட்டும் தினசரி வேண்டாம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறார்கள், இரண்டும் சேர்ந்தால் அதில் நல்ல பங்கை அவையே தின்றுவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுநீரகம் சரியில்லாதவர்கள், பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்தக் கீரைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலைக்கீரை, தண்டுக்கீரை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து.

நீங்கள் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, சாப்பாட்டையும் இப்படி மாற்றினால் ஒரு மாதத்தில் டெஸ்ட்டில் கொஞ்சம் அசைவு தெரிய வேண்டும். எண் 12-ஐத் தாண்டியதும் 'சரியாகிவிட்டது' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ரத்தத்தில் ஏறிய பிறகு உடம்பின் கையிருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும், டாக்டர் சொல்லும்போது நிறுத்துங்கள். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் எண் அப்படியே நின்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, பி12 குறைவா, தைராய்டா என்று அவர் பார்ப்பார்.

கடைசியாக, இரவில் கீரை. சாப்பிடலாம். சமைத்த கீரையை எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். காலையில் கடைந்த கீரையை, அதுவும் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், திருப்பூர் வெயிலில் பகல் முழுக்க வைத்திருந்து இரவு சூடுபண்ணிச் சாப்பிட வேண்டாம். எட்டரைக்கு வந்து அப்போதே வேகவைத்துக் கடைந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் உடனே படுத்தால் சிலருக்கு வயிறு உப்பும். உங்களுக்கும் அப்படி இருந்தால் கீரையைக் காலைக்கு மாற்றிவிட்டு இரவுக்குச் சுரைக்காய்க் கூட்டு வைத்துக்கொள்ளுங்கள்.